மழைக்கு முன்னால் பழுத்த அத்தி

செப்டம்பர் 20-க்குள் அத்திக்குக் கவாத்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து சாரல் இல்லை, மலை உச்சி வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. உடனே கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அத்தி நிற்பது ஐந்து டிரம்மில். நான்கு டிரம் முடிந்தது. ஐந்தாவதை வெட்டவில்லை. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வெட்டிய குச்சிகளில் நடுவதற்குத் தேறியவை முப்பத்தெட்டு. ஈரச் சாக்கில் சுற்றி வராந்தாவில் வைத்திருக்கிறேன். போன வருடம் குச்சி கேட்டு வந்தவர்கள் எல்லாருமே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அண்ணே, இந்தக் குளிர்ல இது எப்படிப் பழுக்குது?" வாசலில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையில், பெரியவாரை தாண்டி மேலே ஏறினால் வரும் ஒரு எஸ்டேட். உயரம் ஏறக்குறைய 1,700 மீட்டர். தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்தவர். அப்பா, அம்மா, நான், என் மனைவி எல்லாருக்கும் தேயிலைதான் சோறு போட்டது. நான் ஃபேக்டரியில் ஃபிட்டர். மனைவி முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். லயம் என்று சொல்லும் எஸ்டேட் வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அதனால் தெற்குப் பக்கத்துக் கல்சுவர் முழுவதும் எங்கள் கைக்கு வந்தது. அத்தி பழுத்ததில் பாதிப் பங்கு அந்தச் சுவருக்குத்தான்.

எந்த அத்தி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் நாற்பது ஆண்டுக்குப் பிறகு குளத்தை விட்டு வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தார். எங்கள் லயத்திலிருந்தும் வேன் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்த பக்கத்து வீட்டுச் சித்தி, நேராக என் டிரம்மிடம் வந்து இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் மனது நோகக் கூடாது என்று அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிலை செய்த மரம் வேறு. அது நாட்டு அத்தி. சின்னாறு பக்கம் ஆற்றோரமாக ஓங்கி நிற்கும், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய் ஒட்டியிருக்கும். என்னிடம் இருப்பது சீமை அத்தி. கை விரித்தது மாதிரி பிளவுபட்ட சொரசொரப்பான இலை, ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு காய். கடையில் மாலை மாதிரி நாரில் கோத்துத் தொங்கும் உலர்ந்த அத்தி இதிலிருந்து வருவதுதான்.

இரண்டுக்கும் பூ உள்ளேதான். நாம் காய் என்று சொல்வது பூக்களை உள்பக்கமாக வைத்துச் சுருட்டிய ஒரு பை. அதனால்தான் அத்தி பூத்ததை யாரும் பார்த்ததில்லை, அதை வைத்தே அபூர்வமான எதற்கும் "அத்தி பூத்த மாதிரி" என்கிறோம். நாட்டு அத்தியில் அந்தப் பைக்குள் ஒரு சின்னக் குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கும், முட்டையும் வைக்கும். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று சொல்கிறார்களே, அது கண்ணால் கண்டவர்கள் சொன்னது. சீமை அத்தியிலும் குளவி இல்லாமல் காய் பிடிக்காத வகைகள் இருக்கின்றன. ஆனால் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு வளர்வது குளவியே தேவைப்படாத வகை. மகரந்தம் சேராமலே காய் பிடித்துப் பழுத்துவிடும், பிட்டுப் பார்த்தால் புழு இருக்காது. இதைச் சொல்லி நம்பவைக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. சித்தி முதல் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

மரம் வந்த கதை இதுதான். அக்காவை மறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. 2016-ல் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அத்தான் வீட்டுக் கொல்லையில் ஒரு சீமை அத்தி பழுத்து நின்றது. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மறையூர் ஆயிரம் மீட்டர் உயரம்தான், அதுவும் மழைமறைவுப் பக்கம். மூணாறில் ஜூன், ஜூலையில் குடை மடக்க நேரம் கிடைக்காது. அதே நாளில் மறையூரில் கரும்பு காய்ச்சும் ஆலையில் சக்கை காய்ந்துகொண்டிருக்கும். அத்தான் மரத்துக்கு அவர் செய்தது பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டது மட்டும். நான் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் ஆறு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். ஐந்து பிழைத்தன. அந்த ஐந்துதான் இப்போது இருக்கும் ஐந்து டிரம்.

மண்ணில் வைக்காமல் ஏன் டிரம்மில் வைத்தேன் என்றால், இந்த வீடு எங்கள் வீடு இல்லை. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், மரம் வைக்கும்போது மனது கூடவே கணக்குப் போடும். எடுத்துக்கொண்டு போகிற மாதிரி வைக்க வேண்டும் என்றுதான் 200 லிட்டர் நீல டிரம்களை வாங்கிக் குறுக்கே பாதியாக அறுத்தேன். அடியில் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளை, கீழே மூன்று செங்கல். பிறகுதான் தெரிந்துகொண்டேன், குளிர் நாடுகளிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்று. இங்கிலாந்தில் அத்தியை மண்ணில் நட்டால்கூட, குழியின் நாலு பக்கமும் கல்பலகை இறக்கி வேரை நெருக்கிவிடுவார்களாம். வேர் இஷ்டத்துக்குப் பரவினால் மரம் கிளையும் இலையுமாகப் போய்விடும். இடம் இல்லை என்று தெரிந்தால்தான் காய்க்கும். எனக்கு இல்லாத நிலம் என் மரத்துக்கு நல்லதாகப் போனது.

முதல் மூன்று வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017-ல் யூரியா போட்டேன். தேயிலைக்குப் போடுகிறோமே, இதற்கும் போடலாம் என்று நினைத்தேன். ஆள் உயரம் வளர்ந்தது, இலை முறம் மாதிரி விரிந்தது, காய் ஒன்றுகூட இல்லை. 2018-ல் காய் பிடித்தது. மே மாதத்தில் கோலிக்குண்டு அளவு, ஜூலையில் எலுமிச்சை அளவு. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அந்த ஆகஸ்டில் வந்த மழையைக் கேரளத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். பெரியவாரைப் பாலம் போய், மறையூர் பக்கத்துச் சாலை துண்டாகிவிட்டது. காய் எல்லாம் தண்ணீர் குடித்து வெடித்தது. வெடித்த இடத்தில் புளித்து நுரை வந்தது, ஈ மொய்த்தது. வெடிக்காமல் நின்ற இரண்டைச் செப்டம்பரில் பறித்துத் தின்று பார்த்தேன். ஈரப் பஞ்சை மென்ற மாதிரி இருந்தது. அடுத்து 2019 ஜனவரி. அந்த வருட உறைபனி பேப்பரில் எல்லாம் படமாக வந்தது. என் வெப்பமானி ஒரு விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி காட்டியது. சுவரை விட்டுத் தள்ளி நின்ற இரண்டு டிரம்மில் தளிர் முழுவதும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. சுவரை ஒட்டி நின்ற மூன்றுக்கும் ஒன்றுமே ஆகவில்லை.

அந்த மூன்றை வைத்துத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தளத்தில் நாள் முழுக்கச் சூட்டையும் ஈரத்தையும் அளந்தே பழகியவன் நான். ஒரு வெப்பமானியைச் சுவரோரத்திலும் இன்னொன்றை முற்றத்து நடுவிலும் கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதம் நோட்டில் எழுதினேன். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவரில் காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை வெயில் இருக்கும். கல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடுக்கும். ஒன்பது மணிக்கு உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். விடியற்காலையில் முற்றத்தைவிடச் சுவரோரம் இரண்டு, இரண்டரை டிகிரி கூடுதலாகவே இருந்தது. அத்திக்கு அந்த இரண்டு டிகிரி போதும்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. குளிர் என் மரத்தைத் தாமதப்படுத்தியதே தவிரக் கெடுக்கவில்லை, கெடுத்தது மழை. அத்தி பிறந்த மேற்கு ஆசியப் பக்கம் குளிர்காலத்தில் மழை பெய்து கோடை முழுக்க வறட்சி. அங்கே இலை உதிரும் அளவுக்குக் குளிர் உண்டு, ஆனால் பழம் பழுக்கிற நேரத்தில் வானம் காய்ந்திருக்கும். எங்கள் மலையில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியிலிருந்து மே வரை. காய் பழுக்கிற நேரத்தை அந்த மாதங்களுக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டால் சரியாகிவிடும். எப்படித் தள்ளுவது என்பதுதான் தெரியவில்லை.

வழி மகன் மூலமாக வந்தது. அவனுக்குப் புனேயில் வேலை. போனில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது, "அப்பா, இங்க சாஸ்வட் பக்கம் முழுக்க அத்தித் தோட்டம்தான், விசாரிச்சுச் சொல்றேன்" என்றான். புரந்தர் அத்தி என்று 2016-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அந்தப் பக்கத்துப் பழம்தான். அங்கே ஒரே மரத்தை இரண்டு காலத்துக்குப் பழக்குகிறார்கள். மழைக்காலத்து விளைச்சலுக்குக் கட்டா பஹார் என்று பெயர், கட்டா என்றால் புளிப்பு. செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து கோடையில் எடுக்கும் விளைச்சல் மீட்டா பஹார், அது இனிப்பு. பெயரிலேயே பதில் இருந்தது. நான் மூன்று வருடமாகப் புளிப்பு விளைச்சலை வைத்துக்கொண்டு இனிப்பு வரவில்லையே என்று நின்றிருக்கிறேன்.

2019 செப்டம்பரில் முதல் கவாத்து. தேயிலைக்காரனுக்குக் கவாத்து புதிதில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை வெட்டிக் குச்சியாக நிறுத்துகிறோம், சில வாரம் மலையே மொட்டையாகத் தெரியும், பிறகு பச்சை கிளம்பும். ஆனால் அத்தியில் கத்தி வைக்கும்போது கை நடுங்கியது. தேயிலை கம்பெனியுடையது, இது என்னுடையது. ஒவ்வொரு கிளையிலும் அந்த வருடம் வளர்ந்த பகுதியில் இரண்டு அல்லது மூன்று கணுவை விட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டின இடத்தில் பால் வடியும். அதைத் துடைத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவ வேண்டும், இல்லாவிட்டால் மழை ஈரத்தில் கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு கீழே வரும்.

இந்தப் பாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை சட்டைக் கையை மடித்துக்கொண்டு நல்ல வெயிலில் வெட்டினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் முன்கையில் கோடு கோடாகச் சிவந்து கொப்புளம் வந்தது. தழும்பு கறுப்பாக ஆறு மாதம் இருந்தது. அத்திப் பாலில் இருக்கும் ஒரு பொருள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரி ஆகிவிடுகிறது. முழுக்கை சட்டை போடுங்கள், மேகம் மூடிய நாளாகப் பாருங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

செப்டம்பரில் வெட்டினால் அக்டோபர் நடுவில் தளிர் வரும். வடகிழக்கு மழை எங்கள் பக்கம் தென்மேற்கு மாதிரி அடித்து ஊற்றாது, விட்டு விட்டுப் பெய்யும். தளிருக்கு அது நல்லது. நவம்பரில் இலைக் கக்கத்தில் மிளகு அளவு காய் தெரியும். இந்த இடத்தில் என் மனைவியைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் தளிர் நீண்டுகொண்டே போனது, காய் கீழே இரண்டு மட்டும். "கொழுந்து மாதிரி இதையும் கிள்ளிப் பாத்தா என்னங்க?" என்றாள். ஆறாவது இலைக்கு மேல் நுனியைக் கிள்ளினாள். இரண்டு விரலால், நகம் படாமல், முப்பது வருடப் பழக்கத்தில் கிள்ளியது. பத்து நாளில் ஒவ்வொரு கக்கத்திலும் காய் எட்டிப் பார்த்தது. தளிர் மேலே போக வழி இல்லையென்றால் சத்து காய்க்குத் திரும்புகிறது. புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது என்று மகன் பிறகு சொன்னான். கிள்ளுவது அன்றிலிருந்து அவள் பொறுப்பு.

டிசம்பர் பிறந்ததும் எல்லாம் நின்றுவிடும். பாதி இலை மஞ்சளாகி விழும், காய் பட்டாணி அளவில் அப்படியே கல்லாக நிற்கும். முதல் தடவை செத்துவிட்டது என்றே நினைத்தேன். செத்தது இல்லை, அதற்கு அது உறக்கம். இந்த இரண்டு மாதம் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் காலை பத்து மணிக்கு மேல். மாலையில் ஊற்றினால் ராத்திரி வேர்ப்பக்கம் குளிர்ந்துபோகும். வானம் துடைத்துவிட்ட மாதிரி நட்சத்திரம் தெரிந்து, காற்றும் இல்லை என்றால் அன்றைக்கு உறைபனி விழும். பழைய சாக்கைச் சுவரிலிருந்து டிரம்மின் விளிம்புவரை கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டிவிடுவேன். காலையில் எடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் காய் அசையும். மார்ச் முழுக்க ஊறும். இந்த நேரத்தில்தான் தண்ணீர் சீராக இருக்க வேண்டும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் நிறைய ஊற்றினால் வெடித்துவிடும். தினமும் காலை ஒரு குடம், அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் ஊரடங்கில் மூணாறு சாலையில் ஒரு வண்டி இல்லை. சுற்றுலா வண்டிகள் இல்லாத அந்த அமைதியில், ஒரு காலையில் சுவரோரம் போனபோது ஒரு காயின் கழுத்து தளர்ந்து தலை தொங்கியிருந்தது. பச்சை போய்த் தவிட்டு நிறமும் ஊதாவும் கலந்திருந்தது. தோலில் மெல்லிய வெள்ளைக் கீறல்கள். அடியில் கண் மாதிரி இருக்கும் துளையில் தேன் துளி ஒன்று. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. காம்பில் பால் இல்லை. அந்த வருடம் மூன்றே மூன்று பழம். முதல் பழத்தை மூன்றாகக் கீறி நானும் மனைவியும் சித்தியும் தின்றோம். வெல்லப்பாகில் எள்ளைப் போட்ட மாதிரி, உள்ளே விதை பல்லில் நெறுநெறுத்தது. அடுத்த வருடம் 19, அதற்கடுத்து 41. போன ஏப்ரல், மே இரண்டு மாதத்திலும் சேர்த்து 112 பழம். எல்லாவற்றுக்கும் நோட்டில் தேதி இருக்கிறது.

பழுக்கும் அடையாளத்தை மேலே விவரமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. அத்தியைக் காயாகப் பறித்து அரிசியில் போட்டுப் பழுக்கவைக்க முடியாது. மா, வாழை மாதிரி இல்லை இது. மரத்திலேயே பழுத்தால்தான் இனிப்பு. கழுத்து சாயும்வரை பொறுக்க வேண்டும், சாய்ந்த பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மே கடைசியில் சில காய் முழு அளவுக்கு வந்தும் பழுக்காமல் நிற்கும். வானத்தில் தென்மேற்கு மேகம் கூட ஆரம்பித்திருக்கும். அதற்கு எண்ணெய் வைப்பேன். காயின் கண் மெல்லச் சிவக்கும்போது, ஒரு ஈர்க்குச்சியின் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தக் கண்ணில் ஒரு சொட்டு. மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெயை வைத்துப் பழங்காலத்திலிருந்து செய்துவரும் முறை இது. அங்கே ஆலிவ், நமக்குத் தேங்காய். ஒரே கிளையில் ஒரு காய்க்கு வைத்து, பக்கத்துக் காய்க்கு வைக்காமல் மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். எண்ணெய் வைத்தது ஒரு வாரம் முந்திப் பழுக்கிறது. அவசரப்பட்டுப் பிஞ்சில் வைத்தால் ஊதிப்போகும், உள்ளே சுவை இருக்காது. ஒரு கிளையில் இரண்டு மூன்று காய்க்கு மேல் வைப்பதில்லை. தானாகப் பழுத்ததன் ருசி ஒரு படி மேல் என்பதால் ஏப்ரலில் எண்ணெய்ப் பக்கமே போகமாட்டேன்.

மண்ணைப் பற்றி. தேயிலை மண் புளித்த மண். அதன் அமிலநிலை (pH) நாலரை, ஐந்து என்று இருக்கும், தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். அத்திக்கு ஆறிலிருந்து ஏழரை வரை வேண்டும். ஆகவே காட்டு மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் மரம் நோஞ்சானாகவே இருக்கும். நான் சேர்ப்பது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய சாணம், ஒரு பங்கு மணல். புளிப்பைக் குறைக்க டிரம்முக்கு இரண்டு கை டோலமைட் சுண்ணாம்புப் பொடி. ஃபேக்டரி அடுப்பில் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு எரிந்த சாம்பல் வருடத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிரட்டை. யூரியா 2017-க்குப் பிறகு கையால் தொடவில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை டிரம்மைச் சாய்த்து மரத்தை வெளியே எடுத்து, சுற்றிலும் மூன்று விரல் கனத்துக்கு வேரைச் சீவிவிட்டுப் புது மண் போடுவேன். கல் நெஞ்சோடு செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் அடுத்த மாதம் தளிரைப் பார்த்தால் அது நன்றி சொல்வது தெரியும்.

ஜூனில் மழை பிடித்ததும் இலைக்கு அடியில் துரு மாதிரி ஆரஞ்சுப் பொடி வரும். துரு நோய். முன்பு இதோடு மல்லுக்கட்டினேன். இப்போது மே கடைசியில் ஒரு தடவை தாமிர மருந்து, பிறகு டிரம்மைக் கூரைக்கு அடியில் இழுத்து வைத்துவிடுவதோடு சரி. விழுந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுவேன். அந்த மூன்று மாதமும் மரத்திடம் நான் எதுவும் கேட்பதில்லை.

பறவைகளை முழுதாகத் தடுக்க என்னால் முடியவில்லை. கொண்டைக்குருவிக்குக் கழுத்து சாய்வது என்னைவிட முன்னாலேயே தெரிகிறது. கொசுவலையை வெட்டி மனைவி சின்னச் சின்னப் பையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், காய்க்கு ஒன்று. நுனியில் இருக்கும் இரண்டு காய்க்குப் பை போடுவதில்லை, அது குருவிக்கு. ஒரு ஜனவரி ராத்திரி யானை வந்து பின்பக்கத்து வாழையைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் ஒரு டிரம்மை உருட்டிவிட்டுப் போனது. ஒரு பெரிய கிளை முறிந்தது. மறுநாள் அந்தக் கிளையிலிருந்து எடுத்த குச்சிகளில் நாலு, இன்று நாலு வீட்டு வாசலில் நிற்கின்றன.

இந்தக் குச்சிகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். ஜோர்டான் பள்ளத்தாக்கில் பதினோராயிரம் வருடத்துக்கு முந்தைய, கருகிப்போன அத்திப்பழங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். முளைக்கும் விதை இல்லாத வகை என்பதால், யாரோ குச்சி ஒடித்து நட்டுத்தான் அந்த மரம் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். நெல்லும் கோதுமையும் விதைக்கப் பழகும் காலத்திலோ அதற்கு முன்போ ஒருவர் ஈரத்தில் சுற்றிய குச்சியைக் கொண்டுபோய் வேறு இடத்தில் ஊன்றியிருக்கிறார். அத்தானின் மரத்துக்கும் அதற்கு முந்தைய மரத்துக்கும் அப்படி ஒரு கை இருந்திருக்கும்.

மகன் ஒரு மார்ச் மாதம் சாஸ்வட்டிலிருந்து ஒரு கூடை அத்தி கொண்டுவந்தான், இலை பரப்பி அதன்மேல் அடுக்கியது. பஸ்ஸிலும் ரயிலிலும் இரண்டு நாள் வந்ததில் பாதி நசுங்கியிருந்தது. மீதியைத் தின்று பார்த்தோம். அவர்கள் பழம் பெரிது, சாறு அதிகம். எங்கள் பழம் சின்னது, தோல் தடிப்பு. இனிப்பில் குறைவில்லை, குளிரில் மெல்ல மெல்ல ஊறியதால் பாகு கெட்டியாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவிக்கு அவர்கள் பழம்தான் பிடித்தது. மகனுக்கு நம்முடையது.

சரி, ஐந்தாவது டிரம். வருகிற மே மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. வீட்டை ஒப்படைக்க வேண்டும். மறையூரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று சென்ட் இடம் வாங்கியிருக்கிறோம், சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது டிரம்மை இந்த மாதக் கடைசியில் ஜீப்பில் ஏற்றி அங்கே கொண்டுபோகிறேன். கிளையோடும் இலையோடும் போகட்டும் என்றுதான் வெட்டாமல் விட்டேன். அங்கே இறக்கி, பத்து நாள் இடம் பழகிய பிறகு கவாத்து செய்யலாம். அது எந்தக் குச்சியிலிருந்து வந்ததோ அந்தத் தாய் மரம் முப்பதடி தள்ளி நிற்கிறது. அத்தான், "மண்ணுலயே இறக்கிருவோம் மாப்ளே" என்கிறார். டிரம்மிலேயே இருக்கட்டும் என்கிறாள் மனைவி. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மற்ற நாலும் ஏப்ரல் வரை இங்கேயே. அந்தப் பழத்தை இந்தச் சுவரோரத்தில் நின்றே பறிக்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அதற்குப் பிறகு ஒன்று சித்திக்கு, ஒன்று ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கு. அவன் வீட்டுக்குத் தெற்குச் சுவர் கிடையாது, கிழக்குதான், அதனால் பழைய தகரத்தை வெளிச்சம் திருப்புகிற மாதிரி நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் இரண்டும் எங்களோடு வரும்.

முப்பத்தெட்டு குச்சியில் பதினேழுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டார்கள். மீதி இருபத்தொன்று. மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கத்தில் இருப்பவர்கள், இந்தப் பக்கம் வந்தால் செப்டம்பர் முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பெரியவாரை தாண்டி யாரிடம் "டிரம் அத்தி வீடு" என்று கேட்டாலும் காட்டுவார்கள். ஒரு ஈரத்துணி கொண்டுவாருங்கள். குச்சியின் மேல்பக்கம் எது என்று தெரிவதற்கு நான் சாய்வாக வெட்டியிருக்கிறேன். சாய்ந்த முனை மேலே, நேராக வெட்டிய முனை மண்ணுக்குள். மூன்று கணு மண்ணுக்குள் போக வேண்டும், ஒன்று வெளியே.